வேலைக்காகப் படிக்கும் செலவை ஆஸ்திரேலிய டேக்ஸ் ரிட்டர்னில் கழிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் ஜூலை பிறந்ததும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: “வேலை செய்துகொண்டே படிக்கிறேன். ஃபீஸை டேக்ஸில் கழிக்கலாமா?” பாதிப் பேர் தாராளமாகப் போடுங்கள் என்பார்கள். மீதிப் பேர் ஏடிஓ (ஆஸ்திரேலிய வரித்துறை) பிடித்துவிடும், தொடாதீர்கள் என்பார்கள். இரண்டு பதிலாலும் ஆட்களுக்கு நஷ்டம்தான். உரிமை இல்லாத ஒருவர் கழித்துவிட்டுப் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார். முழு உரிமை உள்ள ஒரு நர்ஸ், நமக்கு எதற்கு வம்பு என்று ஆயிரக்கணக்கான டாலரை விட்டுவிடுகிறார். இந்த இரண்டாவது ஆளை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். நைட் டூட்டி முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறப்பவர்கள் அவர்கள். சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

இது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கான வழிகாட்டி. கணக்குகளுக்கு 2024–25 நிதியாண்டை, அதாவது 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஆண்டுக்குச் செய்பவர்கள் கிலோமீட்டர் விகிதத்தையும் வரி விகிதத்தையும் அந்த ஆண்டுக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: இன்று நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?

எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. நாளைக்கு என்ன ஆகப்போகிறீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. படிப்புக்குச் செலவு செய்த நாளில் எந்த வேலையில் இருந்தீர்கள், அந்த வேலைக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்றுதான் கேட்கிறது. 1997ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 8-1 பிரிவுதான் இதற்கு அடிப்படை. அதை ஏடிஓ எப்படிப் பார்க்கிறது என்பதை 2024 பிப்ரவரியில் வந்த டிஆர் 2024/3 என்ற ரூலிங் (ஏடிஓவின் அதிகாரபூர்வ விளக்கம்) சொல்கிறது. அதற்கு முன்பு கால் நூற்றாண்டாக இருந்தது டிஆர் 98/9. பழைய கட்டுரைகளில் அந்த எண்ணைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

தொடர்பு இரண்டு விதமாக இருக்கலாம். இப்போதைய வேலைக்குத் தேவையான திறமையையோ அறிவையோ அந்தப் படிப்பு தக்கவைக்க வேண்டும், அல்லது வளர்க்க வேண்டும். இல்லையென்றால், இப்போதைய வேலையிலேயே சம்பளம் உயர அது காரணமாக வேண்டும், அல்லது காரணமாக வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். படிப்பு உங்களைப் புதிய வேலைக்குக் கொண்டுபோவதற்காக மட்டும் இருந்தால் கழிக்க முடியாது. வேலையோடு பொதுப்படையாக மட்டும் ஒட்டினாலும் முடியாது.

எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட 1971இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ஹாட்செட் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி ஆசிரியர். ஆசிரியர் உயர் சான்றிதழுக்காகச் செலவு செய்தார். பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டத்துக்கும் பணம் கட்டினார். இரண்டையும் கழிக்கக் கேட்டார். சான்றிதழ் வாங்கினால் அதே ஆசிரியர் வேலையில் கூடுதல் சம்பளத்துக்குத் தகுதி வரும் என்பதால் அந்தச் செலவை நீதிமன்றம் அனுமதித்தது. கலைப் பட்டத்துக்கும் அவர் சம்பாதிக்கும் பணத்துக்கும் அப்படி ஒரு பிணைப்பைக் காட்ட முடியவில்லை, மறுத்துவிட்டது. ஒரே ஆள், ஒரே வேலை, இரண்டு படிப்பு, இரண்டு தீர்ப்பு. படிப்பு நல்ல படிப்பா என்பது அங்கே பேச்சே இல்லை.

எல்லை எப்போதும் குறுகலாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1991இல் ஸ்டடர்ட் வழக்கில் ஒரு ஃப்ளைட் இன்ஜினியர், தான் எடுத்துக்கொண்ட விமானம் ஓட்டும் பயிற்சியின் செலவைக் கழிக்கக் கேட்டார். அந்தப் பயிற்சி அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் வேலையைத் திறம்படச் செய்ய உதவியது என்பதால் கிடைத்தது. படிக்கச் சொல்லி முதலாளி கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. தொடர்பு இருந்தால், விரும்பிப் படித்தாலும் கழிக்கலாம்.

சரி, நம்மிடையே அடிக்கடி வரும் ஆட்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

மாணவர் விசாவில் வந்து மாஸ்டர்ஸ் ஐடி படித்துக்கொண்டு, வார இறுதியில் உணவகத்திலோ சூப்பர் மார்க்கெட்டிலோ வேலை பார்ப்பவர்: கழிக்க முடியாது. ஒரு செமஸ்டருக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் டாலர் கட்டும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லவே மனசு வராது. ஆனால் தோசை ஊற்றும் வேலைக்கும் டேட்டாபேஸ் பாடத்துக்கும் தொடர்பு காட்ட வழியில்லை. “என் நண்பன் போட்டான், ரீஃபண்ட் வந்தது” என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். ரீஃபண்ட் வருவது வேறு, கணக்கு ஏற்கப்படுவது வேறு. ஏடிஓ பிறகும் எடுத்துப் பார்க்கலாம்.

ஏஜ்டு கேரில், அதாவது முதியோர் பராமரிப்பில், உதவியாளராக இருந்துகொண்டு நர்ஸிங் பட்டம் படிப்பவர்: முடியாது. ஒரே கட்டடத்துக்குள் நடந்தாலும் ரெஜிஸ்டர்டு நர்ஸ் என்பது புதிய வேலை. ஆனால் அவரே நர்ஸ் ஆகி, ஐசியூவில் வேலை பார்த்துக்கொண்டே கிரிட்டிகல் கேரில் கிராஜுவேட் சர்டிஃபிகேட் சேர்ந்தால் செலவைக் கழிக்கலாம்.

அலுவலகத்தில் அக்கவுண்டன்டாக இருந்துகொண்டு சிபிஏ என்ற கணக்காளர் தகுதிக்குப் படிப்பவருக்குத் தொடர்பு தெளிவாக இருக்கிறது. இலங்கையிலோ இந்தியாவிலோ டாக்டராக இருந்து, இங்கே டாக்ஸி ஓட்டிக்கொண்டே மருத்துவ கவுன்சில் தேர்வுக்குப் படிப்பவருக்கு அது இல்லை. பிஆர் (நிரந்தரக் குடியுரிமை) பாயிண்டுக்காக எழுதும் பிடிஇ, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுகள் விசாவுக்கான சொந்தச் செலவு.

கஷ்டமான இடம் எம்பிஏ. ஏற்கெனவே டீம் மேனேஜராக இருந்து, பட்ஜெட் போடுவது, ஆள் எடுப்பது, திட்டம் வகுப்பது எல்லாம் அன்றாட வேலை என்றால் நியாயமாகக் கழிக்கலாம். கோடிங் மட்டும் செய்யும் புரோகிராமர் ஒருநாள் மேனேஜர் ஆகலாம் என்று படித்தால் ஏற்பது சிரமம். நடுவில் இருப்பவர்கள் பாடம் பாடமாகப் பிரிக்கலாம். எட்டுப் பாடத்தில் நான்குதான் உங்கள் வேலையைத் தொடுகிறது என்றால், அந்த நான்கின் செலவை மட்டும் எடுங்கள். பிரித்துக் காட்டும் கணக்கு பலமானது. கேள்வி வந்தாலும் நிற்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். வேலை கிடைப்பதற்கு முன்பே கட்டிய ஃபீஸ், பிறகு அதே துறையில் வேலை கிடைத்தாலும் சேராது. படிப்பின் நடுவே அந்த வேலையை விட்டுவிட்டால், வேலையில் இருந்த நாள்வரை வந்த செலவு மட்டும்தான் கணக்கில் வரும்.

படி 2: ஃபீஸ் எந்த வகை இடத்துக்கு?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். முதல் படியில் தேறிய பிறகும் சிலருக்கு ஃபீஸ் கழியாது. அரசு ஃபீஸில் பங்கு போடும் இடம், அதாவது காமன்வெல்த் சப்போர்ட்டட் இடம் உங்களுக்குக் கிடைத்திருந்தால், நீங்கள் கட்டும் பங்கைக் கழிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஹெக்ஸ் என்ற அரசுக் கல்விக் கடனில் போட்டாலும் அப்படித்தான், கையிலிருந்து கட்டினாலும் அப்படித்தான். ஆனால் அந்தப் படிப்புக்கான புத்தகம், பயணம், லேப்டாப் ஆகியவை கழியும். ஃபீஸ் இல்லை என்றதும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

முழு ஃபீஸ் கட்டும் இடமாக இருந்தால் ஃபீஸ் கழியும். அதை ஃபீ-ஹெல்ப் என்ற அரசுக் கடனில் போட்டிருந்தாலும் கழியும். அரசு நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டியிருக்கும், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு சென்ட்கூடப் போயிருக்காது, என்றாலும் கழியும். ஏனென்றால் அந்தச் செலவு உங்கள் கடனாக உங்கள் தலையில் விழுந்துவிட்டது. தொழிற்கல்விக்கான விஈடி மாணவர் கடனுக்கும் இதே முறைதான்.

பிறகு சம்பளத்திலிருந்தோ டேக்ஸ் வழியாகவோ அந்தக் கடனைத் திருப்பிக் கட்டும்போது அதைக் கழிக்கவே முடியாது. ஹெக்ஸ், ஃபீ-ஹெல்ப், எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சம்பளச் சீட்டில் ஹெல்ப் என்று கல்விக் கடன் பிடித்தம் தெரிகிறதே என்று அதை எடுத்துப் போடாதீர்கள்.

உங்கள் இடம் எந்த வகை என்று தெரியவில்லையா? சென்சஸ் தேதிக்கு (கட்டணமில்லாமல் பாடத்தை விடக்கூடிய கடைசி நாள்) பிறகு பல்கலைக்கழகம் அனுப்பும் காமன்வெல்த் அசிஸ்டன்ஸ் நோட்டீஸைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தொகையும், அது எந்த வகைக் கடன் என்பதும் அதில் இருக்கும். மாணவர் போர்ட்டலில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து லாகின் மூடிய பிறகு தேடுவது பெரும் தலைவலி.

இன்னொன்று. முன்பெல்லாம் படிப்புச் செலவில் முதல் 250 டாலரைக் குறைக்க வேண்டும் என்று ஒரு சிக்கலான விதி இருந்தது. 2022–23 முதல் அது இல்லை. முதல் டாலரிலிருந்தே கழிக்கலாம். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இன்னும் 250ஐக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: ஃபீஸ் தவிர மற்றவை

பாடப்புத்தகம், நோட்டு, பிரிண்ட், தொழில் சார்ந்த இதழ்கள், மாணவர் வசதிக் கட்டணம், வீட்டு இணையத்தில் படிப்புக்குப் போகும் பங்கு, ஃபீஸ் கட்ட வாங்கிய தனியார் கடனின் வட்டி எல்லாம் சேரும். வீட்டு வாடகையோ வீட்டுக் கடன் வட்டியோ சேராது. வகுப்பு நாளில் கேன்டீனில் சாப்பிட்டதும் சேராது. வெளியூரில் இரவு தங்கித்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்றால் தங்கும் செலவும் உணவும் வரும், படிப்புக்காகவே அந்த ஊரில் குடியேறிவிட்டால் வராது.

லேப்டாப்புக்குக் கொஞ்சம் கணக்கு தேவை. 300 டாலருக்கு உட்பட்ட பொருளை வாங்கிய ஆண்டிலேயே, படிப்புக்கும் வேலைக்கும் பயன்படும் அளவுக்குக் கழித்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். லேப்டாப்பின் ஆயுளை ஏடிஓ 2 ஆண்டு என்று வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 1 அன்று 1,800 டாலருக்கு வாங்கினீர்கள், பாதி படிப்புக்கு, பாதி நெட்ஃப்ளிக்ஸுக்கும் பிள்ளைகளுக்கும் என்று வையுங்கள். ஜூன் 30 வரை 181 நாள். 1,800ஐ 181/365 ஆல் பெருக்கி, ஆயுள் 2 ஆண்டு என்பதால் பாதியாக்கி, பயன்பாட்டுக்காக மறுபடி பாதியாக்கினால் 223 டாலர். இது சமமாகப் பரப்பும் முறை. முதல் ஆண்டில் அதிகம் எடுக்கும் இன்னொரு முறையும் உண்டு, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு முறையைத் தொடங்கினால் கடைசிவரை அதுவேதான்.

பயணத்தில்தான் நிறையப் பணம் கவனிக்கப்படாமல் போகிறது. வீட்டிலிருந்து வகுப்புக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கே திரும்பினால் இரண்டு பக்கமும் கழியும். வேலையிலிருந்து வகுப்புக்குப் போய் மறுபடி வேலைக்கே திரும்பினாலும் இரண்டு பக்கமும் கழியும். வேலை முடிந்து வகுப்புக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போனால் முதல் பாதி மட்டும். வீட்டிலிருந்து வகுப்புக்குப் போய் அப்படியே வேலைக்குப் போனாலும் முதல் பாதி மட்டும்.

சொந்தக் காரில் போனால் 2024–25க்கு ஒரு கிலோமீட்டருக்கு 88 சென்ட், ஒரு காருக்கு 5,000 கிலோமீட்டர் வரை. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், தேய்மானம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாகப் போட முடியாது. சிட்னியில் பாராமட்டாவில் வேலை முடிந்து அல்டிமோவில் மாலை வகுப்புக்குப் போகிறீர்கள், 25 கிலோமீட்டர், வாரம் இரண்டு நாள், 26 வாரம் என்று வைத்துக்கொண்டால், 52 பயணத்துக்கு 1,300 கிலோமீட்டர். அதற்கு 1,144 டாலர். வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஓட்டியதை இதில் சேர்க்கவில்லை. பெட்ரோல் ரசீது கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த 1,300 எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். வகுப்பு அட்டவணையும், மேப்பில் எடுத்த தூரமும், எந்தெந்த நாள் போனீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பும் போதும். ரயிலில் போனால் டிக்கெட் செலவைப் போடலாம். சிட்னியின் ஓபல் பயண அட்டையைப் பதிவு செய்திருந்தால் பயண விவரம் ஆன்லைனில் கிடைக்கும்.

படி 4: முதலாளி கொடுத்ததை எடுத்துவிடுங்கள்

கம்பெனி ஃபீஸைக் கட்டினாலோ, நீங்கள் கட்டிய பிறகு திருப்பிக் கொடுத்தாலோ, அந்தத் தொகை உங்கள் செலவு இல்லை. பாதி கொடுத்தால் மீதிப் பாதியை மட்டும் போடுங்கள். சம்பளத்தோடு படிப்புக்கென்று அலவன்ஸ் வந்து, அதற்கு வரி பிடித்திருந்தால் அது வருமானம். அதை வருமானத்தில் காட்டிவிட்டு உண்மையான செலவைக் கழிக்கலாம்.

படி 5: ஆதாரத்தை இப்போதே சேருங்கள்

வேலைச் செலவு எல்லாம் சேர்ந்து 300 டாலரைத் தாண்டினால் ரசீது கட்டாயம். படிப்புச் செலவு எப்படியும் அதைத் தாண்டிவிடும். ரிட்டர்ன் தாக்கல் செய்ததிலிருந்து 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஒரே ஆண்டில் வெள்ளைக் காகிதமாகிவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள். ஏடிஓ செயலியில் மைடிடக்‌ஷன்ஸ் என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது.

ரசீது செலவைத்தான் காட்டும், தொடர்பைக் காட்டாது. அதற்கு வேறு காகிதங்கள் வேண்டும். உங்கள் வேலைப் பொறுப்புகளைச் சொல்லும் பொசிஷன் டிஸ்கிரிப்ஷன், படிப்பின் பாடத்திட்டம், இந்தப் படிப்பு வேலைக்கு உதவும் என்று மேனேஜர் அனுப்பிய ஒரு மின்னஞ்சல். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடம் வேலையில் எந்தப் பொறுப்புக்கு உதவுகிறது என்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள். “இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் பாடம், வார்டில் நான் செய்யும் தணிக்கைப் பொறுப்புக்கு” என்ற அளவில் எழுதினால் போதும். படிக்கும் காலத்திலேயே எழுதிய அந்த அரைப் பக்கம், மூன்று ஆண்டு கழித்து வரும் கடிதத்துக்குப் பதில் சொல்லும்போது எவ்வளவு கைகொடுக்கும் என்பதை அந்தக் கடிதம் வாங்கியவர்கள் அறிவார்கள்.

படி 6: மைடேக்ஸில் (ஏடிஓவின் ஆன்லைன் ரிட்டர்னில்) போடுவது

அரசுச் சேவைகளுக்கான மைகவ் இணையக் கணக்கில் நுழைந்து ஏடிஓவுக்குள் போய் ரிட்டர்னைத் திறங்கள். கழிவுகள் (டிடக்‌ஷன்ஸ்) இருக்கின்றன என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலைச் செலவுகளின் பட்டியல் வரும். அதில் வேலை சார்ந்த சுயகல்விச் செலவு என்ற பகுதிதான் நமக்கு. காகிதப் படிவத்தில் இது டி4. செமினார், மாநாடு, ஓரிரு நாள் பயிற்சி போன்றவை மற்ற வேலைச் செலவுகள் என்ற பகுதிக்குப் போகும். ஒரே கிலோமீட்டரைக் கார் செலவிலும் படிப்புச் செலவிலும் இரண்டு முறை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே தாக்கல் செய்தால் கடைசி நாள் அக்டோபர் 31.

கையில் எவ்வளவு வரும்? கழித்த தொகை முழுவதும் திரும்ப வராது, அதற்கு விதித்த வரிதான் குறையும். ஆண்டுக்கு 95,000 டாலர் வாங்கும் நர்ஸ் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஃபீ-ஹெல்பில் போட்ட கிராஜுவேட் சர்டிஃபிகேட் ஃபீஸ் 9,000, புத்தகம் 350, மேலே பார்த்த பயணம் 1,144, லேப்டாப் 223. மொத்தம் 10,717. 45,000க்கு மேல் 135,000 வரையிலான வருமானத்துக்கு 30 சதவீதம் வரி, அதோடு அரசு மருத்துவத் திட்டத்துக்கான மெடிகேர் லெவி 2 சதவீதம். ஆக அவருக்குக் குறையும் வரி சுமார் 3,429 டாலர். அதில் ஃபீஸுக்காக மட்டும் 2,880. அந்த ஃபீஸைத்தான் அவர் இன்னும் கையிலிருந்து கட்டவே இல்லை.

ஏஜென்ட்டிடம் கொடுத்தால் அவர் டேக்ஸ் பிராக்டிஷனர்ஸ் போர்டில் பதிவு செய்தவரா என்று அந்த போர்டின் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீது எதுவும் கேட்காமல் “இவ்வளவு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்” என்பவரிடம் போகவே வேண்டாம். ரிட்டர்னில் இருப்பதற்குப் பொறுப்பு நீங்கள்தான். நல்ல ஏஜென்ட் உங்கள் வேலையைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். அவருக்குக் கொடுத்த கட்டணத்தையும் அடுத்த ஆண்டு கழிக்கலாம்.

ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டால்

கழிக்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள் என்றால் திருத்தலாம். பெரும்பாலான தனிநபர்களுக்கு, ஏடிஓவின் வரிக் கணக்கீட்டுக் கடிதமான நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் வந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம். மைடேக்ஸிலேயே பழைய ரிட்டர்னைத் திறந்து திருத்தம் போடலாம். போடக் கூடாததைப் போட்டிருந்தாலும் இதே வழியில் நீங்களே திருத்திவிடுங்கள். ஏடிஓ கண்டுபிடிப்பதற்கு முன் தானாகச் சொல்பவருக்கு அபராதம் பெரும்பாலும் குறையும் அல்லது இல்லாமலே போகும்.

எம்பிஏ மாதிரி இரண்டு பக்கமும் இழுக்கும் விஷயமாக இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால், பிரைவேட் ரூலிங் கேளுங்கள். உங்கள் வேலை, படிப்பு, செலவு மூன்றையும் எழுதி அனுப்பினால் ஏடிஓ எழுத்தில் பதில் தரும், கட்டணம் கிடையாது. நீங்கள் சொன்ன விவரம் உண்மையாக இருக்கும்வரை அந்தப் பதில் ஏடிஓவையும் கட்டுப்படுத்தும். பதில் வரச் சில வாரம் ஆகலாம். அக்டோபருக்குக் காத்திராமல், படிப்பில் சேரும்போதே அனுப்பிவிடுவது நல்லது.